எண்ணோடு அலகும் எழுதப்பட வேண்டும்

அடர்த்திக் கணக்கைப் பரீட்சைக்கு மட்டும் உரியதாகக் கருதுவோர் 1983 ஜூலை 23 இல் கனடாவில் நிகழ்ந்ததை அறிதல் நன்று. எட்மன்ரன் செல்லவிருந்த எயார் கனடாவின் போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருள் மானி பழுதடைந்திருந்தமையால் கோலிட்டு அளந்தனர். 7,682 லீற்றர் இருந்தது. அதனைக் கிலோகிராமாக்க 0.803 ஆல் பெருக்கியிருக்க வேண்டும். பெருக்கியதோ 1.77 ஆல். அது லீற்றரொன்றின் திணிவை இறாத்தலில் கூறும் எண். பழைய விமானங்களில் பழகிய எண். லீற்றரோடு ‘லீற்றருக்கு இறாத்தல்’ என்பதைப் பெருக்கினால் இறாத்தலே எஞ்சும். அலகையும் எழுதியிருந்தால் பிழை அக்கணமே புலப்பட்டிருக்கும். விளைவு, 20,088 லீற்றருக்குப் பதிலாக 4,917 லீற்றரே நிரப்பப்பட்டது. நடுவானில் இரு இயந்திரங்களும் நின்றன. கிம்லியிலிருந்த முன்னாள் விமானப்படைத் தளத்தில் விமானி திறமையாகத் தரையிறக்கியதால் 69 பேரும் உயிர் தப்பினர்.