தோட்ட மாளிகையில் கலியாணம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் ராஜ்யங்களிலே, பருத்தியாலும் கரும்பாலும் தனவந்தரான குடும்பத்தார் கட்டிய பழைய மாளிகைகளைச் செப்பனிட்டு, கலியாணங்களுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்கு விடும் வழக்கம் பெருகியிருக்கிறது. இவ்வழக்கத்தை முற்றிலும் கண்டிக்க நாம் முன்வரவில்லை. பெரிய வீட்டைக் காப்பது எளிதன்று. கூரை ஒழுகத் தொடங்கினால் குடும்பப் பெருமை அதை நிறுத்தாது. பணம் எங்கிருந்தேனும் வந்தாகவேண்டும்.

ஆயின், செப்பனிடப்படுவது எது என்பதே நமது கேள்வி.

லூயிஸியானா ராஜ்யத்தில், மிஸிஸிப்பி நதிக்கரையிலிருந்த நாட்டவே மாளிகையைப் பாருங்கள். ஜான் ஹாம்ப்டன் ராண்டால்ப் என்ற கரும்புத் தோட்ட முதலாளிக்காக 1859-ம் வருஷத்தில் கட்டி முடிந்தது. 64 அறைகள், தரைமுதல் விதானம்வரை வெள்ளை பூசிய நடன மண்டபம் ஒன்று. சைப்ரஸ் மரங்களை வெட்டி நீரிலிட்டுப் பதப்படுத்தியவர்களும், செங்கல்லைக் கையால் அறுத்துச் சூளையிட்டவர்களும் அடிமைகள். 1860-ல் ராண்டால்புக்குச் சொந்தமாயிருந்த மானிடர் 155 பேர். அக்காலத்துச் சொத்து ஜாபிதாக்களில் கோவேறு கழுதைக்கு எவ்வாறு விலை குறித்தார்களோ, அவ்வாறே மனிதருக்கும் குறித்தார்கள். நியாயஸ்தலங்களும் அதை ஏற்றன. வக்கீல் தொழில் செய்வோர் இதை நினைக்குந்தோறும் வெட்கப்படவே வேண்டும்.

பிற்காலத்தில் அம்மாளிகை விடுதியாகவும் கலியாண மண்டபமாகவும் புதுப்பிக்கப்பட்டது. தூண்கள் துலங்கின, 155 பேரின் கதை பின்னே தள்ளப்பட்டது. 2025 மே மாதம் 15-ந் தேதி தீப்பற்றி மாளிகை அழிந்தபோது, அங்கே மணம் புரிந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். அடிமைகளின் சந்ததியாரில் பலர் மகிழ்ந்தார்கள். வீடு எரிவதில் மகிழ்ச்சி கொள்ள நமக்கு மனமில்லை. ஆனால் அம்மகிழ்ச்சி எங்கிருந்து பிறந்ததென்பது விளங்குகிறது. கடல் கடந்த தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் மடிந்த தமிழரின் இனத்தார் நாம். அடிமைத்தனமும் கூலி ஒப்பந்தமும் ஒன்றல்லவாயினும், துரையின் பங்களாவை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.

வேறு வழியும் உண்டு. அதே ராஜ்யத்தில் விட்னி என்ற தோட்டத்தை ஜான் கம்மிங்ஸ் என்ற வக்கீல் தம் பொருளைச் செலவிட்டுச் செப்பனிட்டு, 2014 டிசம்பரில் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார். அங்கே முதலிடம் எஜமானுக்கன்று. அத்தோட்டத்து அடிமைகளின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. லூயிஸியானாவில் அடிமைப்பட்டிருந்த ஒரு லக்ஷத்து 7 ஆயிரம் பேரின் பெயர்களும் வேறு சுவர்களில் உள்ளன.

2019 டிசம்பரில், கலியாண விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனங்கள் சில, இம்மாளிகைகளைக் காதல் சோலைகளாக வர்ணிப்பதைக் கட்டுப்படுத்த இசைந்தன. நல்லதே, எனினும் வர்ணனையைத் திருத்துவதோடு காரியம் முடியாது. வாடகைப் பணத்தில் முதற்பங்கு அடிமைகளின் குடிசைகளுக்கும் புதைகுழிகளுக்கும் செல்லட்டும். மண்டபத்திற்குப் போகும் பாதையிலேயே பெயர்களைப் பொறிக்கட்டும். அவற்றைப் படித்த பிறகும் மணமக்கள் அங்கேயே மோதிரம் மாற்ற விரும்பினால், அது அவர்கள் இஷ்டம்.