தம்பிக்கும் ஒன்னு

நிவாரணம் பங்கிடும் இடங்களில் நாம் பலமுறை கண்ட காட்சி இது. பிஸ்கட் பக்கற்றை வாங்கிய சிறுபிள்ளை முகமெல்லாம் சிரிக்கிறது. "சாமிக்குத் தேங்ஸ் சொல்லு" என்று தாய் பின்னாலிருந்து தள்ளுகிறாள். பிள்ளை அதைக் காதில் வாங்காமல் மற்றக் கையையும் நீட்டி, "தம்பிக்கும் ஒன்னு" என்கிறது. தாய்க்கு வெட்கமாகிவிடுகிறது. ஆனால் நன்றியைச் சரியாக விளங்கிக்கொண்டது அந்தப் பிள்ளைதான் என்பது எமது எண்ணம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்து, அதை ஒரு குரங்குப் பொம்மையோடு பகிரச் சொன்னார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, வாங்கியபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது குழந்தைகளின் முகம் மலர்ந்தது. தன் கிண்ணத்தில் இருந்ததையே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் கூடுதலாக மலர்ந்தது. (லயத்தில் பிள்ளை வளர்த்த பாட்டிமாருக்கு இது புதினமல்ல.)

பெரியவர்களாகிய நாமோ நன்றியைக் கடனாக்கி வைத்திருக்கிறோம். தந்தவர் முன் தலை குனிய வேண்டும். மேலும் கேட்டால் நன்றிகெட்டவர் என்ற பெயர் வரும் என்று பயப்படுகிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் பலர். உயிர்தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளிலும், பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கின. மக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தில் மறுபடியும் குடும்பங்களை வெளியேற்றின. "கிடைத்ததே பெரிது. இனிக் காணி, உறுதி என்று கேட்டால் என்ன நினைப்பார்களோ?" இந்தப் பேச்சு எமக்குப் பழக்கமானது.

லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்த சமாரியன், முதலில் மற்ற ஒன்பது பேரோடு சேர்ந்து உரத்த குரலில் இரக்கம் கேட்டவன். திரும்பி வந்து கடவுளைப் புகழ்ந்ததும் உரத்த குரலில்தான். இயேசு அவன் கேட்டதைக் குறை சொல்லவில்லை.

ஆகவே அரிசி தந்தவருக்கு மனம் நிறைய நன்றி சொல்லுங்கள். அதே வாயால் வீட்டையும், பயிர்செய்த நிலத்துக்குப் பதில் நிலத்தையும் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் எழுத்திலேயே கேளுங்கள். திகதியிட்ட பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். பட்டியலில் விடுபட்ட பக்கத்துக் காம்பராக் குடும்பத்தின் பெயரையும் அதே கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.