கேக் வெட்டும் கத்தி மாயம்! துப்பறியப் புறப்பட்டது குட்டி போலீஸ் படை!

பிறந்த நாள் வீட்டில் ஒரு "பரபரப்பு" விளையாட்டு

மாலை 5 மணி. வீடு நிறையக் குழந்தைகள். மேசை மீது கேக். மெழுகுவர்த்தி தயார். பாட்டுப் பாட ஆளும் தயார்.

கேக் வெட்டும் கத்தியைத்தான் காணோம்!

"இங்கேதானே வைச்சேன்?" என்கிறார் அம்மா. "நான் எடுக்கலையே!" என்று கையை விரிக்கிறார் அப்பா. "யாரோ அடிச்சிட்டுப் போயிட்டாங்க!" என்று பாட்டி கூச்சல் போடுகிறார்.

பதற வேண்டாம். இது திருட்டு அல்ல. நாடகம்! கத்தியைக் கண்டுபிடித்தால்தான் கேக். கண்டுபிடிக்க வேண்டியவர்கள் விருந்துக்கு வந்த குழந்தைகள்.

இப்படி ஒரு "போலீஸ் - துப்பறிவாளர்" பிறந்த நாளை யார் வீட்டிலும் நடத்தலாம். மண்டபம் வேண்டாம். வாடகைக்கு ஆட்கள் வேண்டாம். இரண்டு அறை போதும். சாமான்கள் பெரும்பாலும் சமையல் அறையிலேயே இருக்கின்றன.

ஆனால் ஒரு விஷயத்தில் உஷார் தேவை. போலீஸ் விளையாட்டு என்றால் திருடன் வேண்டுமே? அந்தத் திருடன் யார்? வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது!

திருடன் யார்?

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போடும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். சீட்டில் ஒரு நியாயம் உண்டு. இந்த ஆட்டத்தில் திருடன் ஆனவன் அடுத்த ஆட்டத்தில் ராஜா ஆகலாம்.

ஓடிப் பிடிக்கும் "திருடன் - போலீஸ்" ஆட்டத்தில் அந்த நியாயம் கிடையாது. அங்கே பெரிய பையன்கள் வைத்ததுதான் சட்டம். "டேய், நீதான்டா திருடன்!" என்பார்கள்.

யாரைப் பார்த்துச் சொல்வார்கள்? வாட்ச்மேன் மகன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோடு வந்த சிறுமி. புதிதாகக் குடிவந்த பையன். எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளைகளின் தலையில்தான் அது விடியும்.

"சும்மா விளையாட்டுதானே" என்று பெரியவர்கள் நகர்ந்து விடுகிறார்கள். அந்தக் குழந்தைக்கு அது விளையாட்டு அல்ல. நாலு பேர் முன்னால் கிடைத்த பட்டம்!

ஆகவே முதல் சட்டம் இது. வந்த குழந்தைகள் அத்தனை பேரும் போலீஸ். யாரும் திருடன் அல்ல. திருடன் வேடம் பெரியவர் ஒருவருக்கு.

இந்த வேடத்துக்குத் தாத்தாவை விட்டால் வேறு ஆள் ஏது? காரணமும் கைவசம் இருக்கிறது. "உங்களுக்குச் சர்க்கரை வியாதி, கேக் கிடையாது" என்று சொல்லி விட்டார்கள். கோபத்தில் கத்தியை ஒளித்து விட்டார்!

புறா ரத்தம்

சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு. இதைக் குழந்தைகளுக்குப் புரிய வைப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு.

1897-ம் ஆண்டு. வங்காளத்தில் ஜல்பைகுரி பகுதியில் தேயிலைத் தோட்ட மானேஜர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். பணமும் களவு போயிருந்தது.

சமையல்காரரின் துணியில் ரத்தக் கறை! சந்தேகம் அவர் மீது பாய்ந்தது. "எஜமானுக்குச் சமைக்கப் புறா அறுத்தேன். அந்த ரத்தம்தான் இது" என்றார் அவர். ரசாயனப் பரிசோதனை நடந்தது. அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. சமையல்காரர் தப்பினார்!

மானேஜரின் பொருட்களுக்கு இடையே ஒரு பஞ்சாங்கம் கிடந்தது. அதில் மங்கலாக ஒரு விரல் கறை. கல்கத்தாவில் அதே 1897-ல்தான் கைரேகை அலுவலகம் தொடங்கப்பட்டிருந்தது. அங்குள்ள பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். முன்பு மானேஜரிடம் வேலை பார்த்துச் சிறைக்குப் போன ஒருவரின் வலது கட்டை விரலோடு அது பொருந்தியது.

1898-ல் கோர்ட்டு அவரைத் திருட்டுக்காகத் தண்டித்தது. கொலையை நேரில் பார்த்த சாட்சி இல்லாததால் கொலைக் குற்றத்தில் இருந்து விடுவித்தது. ரேகை சொன்னது எவ்வளவோ, தீர்ப்பும் அவ்வளவுதான்!

அந்தக் காலத்தில் கைரேகைகளைப் பிரித்து அடுக்க ஒரு முறை வகுக்கப்பட்டது. போலீஸ் அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் அதற்கு நிலைத்தது. அதற்காகக் கணக்குப் போட்டு உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள்.

கொலைக் கதையைக் குழந்தைகளிடம் சொல்ல வேண்டாம். புறா ரத்தத்தை மட்டும் சொன்னால் போதும்.

குட்டிப் படை

6 வயது முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். 10 அல்லது 12 பேர் போதும். மூன்று குழுவாகப் பிரியுங்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் பெயரில் ஒரு குழு. தேவனின் சாம்பு பெயரில் இன்னொன்று. சுபாவின் வைஜயந்தி பெயரில் மூன்றாவது. பெயருக்குப் பின்னால் உள்ள கதையைத் தாத்தா, பாட்டி சொல்லட்டும்.

சார்ட் அட்டையில் தொப்பி. சாக்லேட் சுற்றிய வெள்ளித் தாளில் பேட்ஜ். "காக்கிச் சட்டை போட்டா கேஸ் வருமா?" என்று சிலர் கேட்கலாம். ஏமாற்றும் எண்ணத்தோடு சீருடை போடுவதுதான் சட்டப்படி குற்றம். குழந்தையின் வேஷம் குற்றம் அல்ல. ஆனால் பெரியவர்கள் இன்ஸ்பெக்டர் வேஷத்தில் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்!

"பொம்பளைப் பிள்ளைகள் எல்லாம் கான்ஸ்டபிள், நான்தான் இன்ஸ்பெக்டர்" என்று எந்தப் பையனாவது கிளம்பினால் விடாதீர்கள். தமிழக போலீசில் 1973-ம் ஆண்டிலேயே பெண்கள் சேர்ந்து விட்டார்கள். 1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில் அனைத்து மகளிர் போலீஸ் நிலையமே வந்து விட்டது.

ஐந்து தடயம்

இனி துப்பறியும் படலம். இதோ வரிசை:

முதல் தடயம், காலடி. வாசல் பக்கம் அரிசி மாவில் ஒரு பெரிய காலடி. கிருஷ்ண ஜெயந்திக்குக் குட்டிக் கால் போடுவோமே, அதைப் போலத்தான். ஆனால் இது பெரியவர் கால். ஒவ்வொரு குழந்தையும் பக்கத்தில் கால் வைத்துப் பார்க்கட்டும். ஒருவர் காலும் பொருந்தாது. ஆட்டம் தொடங்கும் முன்பே குழந்தைகள் அனைவரும் நிரபராதி!

இரண்டாவது, சாட்சி. அடுத்த வீட்டு அத்தையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "வெள்ளை வேட்டி கட்டின ஒருத்தர் மேசைப் பக்கம் போனார். முகத்தைப் பார்க்கலை" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். பார்த்ததை மட்டும் சொல்வதுதான் சாட்சி. நினைத்ததைச் சொல்வது வதந்தி.

மூன்றாவது, பொய்த் தடயம். மாமாவும் வேட்டிதான் கட்டியிருக்கிறார். அவர் கை எல்லாம் சிவப்பு! கேக் மேலே இருக்கும் ஜாம்தான் அது என்று பிள்ளைகள் பாய்வார்கள். மாமா அலட்டிக்கொள்ளாமல், நறுக்கிய பீட்ரூட்டை எடுத்துக் காட்டட்டும். புறா ரத்தக் கதையைச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான்!

நான்காவது, கைரேகை. தாத்தா விரலில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, கண்ணாடி டம்ளரைப் பிடிக்கட்டும். எண்ணெய் கூடினால் ரேகை கலைந்து விடும். அதன் மேல் முகப் பவுடரை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். பின்னால் கறுப்புத் தாளை வைத்தால் ரேகை பளிச்சென்று தெரியும். செல்லோ டேப்பை ஒட்டி எடுத்துக் கறுப்புத் தாளில் பதிக்கலாம்.

வீட்டுப் பெரியவர்கள் அனைவரின் விரல்களையும் முன்பே ஸ்டாம்ப் பேடில் தொட்டு அட்டையில் பதித்து வையுங்கள். "சங்கா, சக்கரமா?" என்று விரலைப் பார்ப்போமே, அதே கண்ணால் பார்த்தால் போதும். இரட்டைப் பிள்ளைகளுக்கே ரேகை வேறு வேறு. மாமா விடுதலை. தாத்தா மாட்டினார்!

ஐந்தாவது, ரகசியக் கடிதம். தாத்தாவின் தலையணைக்கு அடியில் வெறும் வெள்ளைத் தாள். அதில் முதல் நாளே வடித்த கஞ்சியால் எழுதிக் காய வைத்திருக்க வேண்டும். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றினால் "அரிசி டப்பா" என்று கருநீலத்தில் எழுத்து தோன்றும். மாவுச் சத்தும் அயோடினும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். சில தாள்களில் மாவுப் பசை இருக்கும். அப்போது தாள் முழுவதும் நீலம் ஆகிவிடும். ஆகவே முதல் நாளே சோதித்துப் பாருங்கள். மருந்தைப் பெரியவர்தான் கையாள வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றில் எழுதிச் சூடு காட்டும் வித்தையும் உண்டு. அந்தக் காலக் குண்டு பல்பு அதற்கு உதவியது. இப்போதைய எல்.இ.டி. பல்பில் அவ்வளவு சூடு கிடையாது. மெழுகுவர்த்தியில் காட்டினால் தாள் பற்றிக்கொள்ளும். குழந்தைகள் கூட்டத்தில் அது வேண்டவே வேண்டாம்.

அரிசி டப்பாவில் கத்தி! பிளாஸ்டிக் கத்தியே போதும். தாத்தாவுக்குத் தண்டனையைக் குழந்தைகளே சொல்லட்டும். ஒரு கதையோ, ஒரு பாட்டோ. கேக் கொடுப்பதா என்பதைப் பாட்டி முடிவு செய்வார்.

லாக்கப் வேண்டாம்

கேப் வெடிக்கும் துப்பாக்கி வேண்டாம். கண் முன்னால் வெடித்தால் ஆபத்து. லத்தி வேண்டாம். யாரையும் குளியல் அறையில் தள்ளி "லாக்கப்" என்று தாழ்ப்பாள் போட விடாதீர்கள். விளையாட்டு வினையாகி விடும்.

"நாலு போடு போட்டா உண்மை வந்துடும்" என்பது சினிமா வசனம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. தடயம்தான் பேச வேண்டும்.

பூச்சாண்டி

"சாப்பிடலேன்னா போலீஸ்காரர்கிட்டே பிடிச்சுக் கொடுத்துடுவேன்!" இந்த மிரட்டலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை!

காணும் பொங்கல் அன்று மெரினாவில் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீசார் கட்டி விடுகிறார்கள். கூட்டத்தில் தொலைந்தால் கண்டுபிடிப்பதற்காக. ஆனால் காக்கியைக் கண்டாலே ஓடி ஒளியும் குழந்தை, தொலைந்து போனால் யாரிடம் போகும்? அன்பாகப் பேசி அழைக்கும் முன்பின் தெரியாத ஆளிடம் போய் விடாதா?

ஆகவே வீடு திரும்பும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு "துப்பறிவாளர் அடையாள அட்டை" கொடுங்கள். முன்பக்கம் பெயரும் கட்டை விரல் ரேகையும். பின்பக்கம் அம்மா, அப்பா போன் நம்பர். அதன் கீழே அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098. நம்பர்களைப் பார்க்காமல் சொல்பவருக்குத்தான் அட்டை என்று ஒரு நிபந்தனை போடுங்கள். பரிசாக ஒரு சின்னப் பூதக்கண்ணாடியும் தரலாம்.

விடுமுறை நாளில் எழும்பூருக்கு அழைத்துப் போகலாம். பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகக் கட்டிடத்தில் 2021-ல் போலீஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பயப்படாமல் காக்கியைப் பக்கத்தில் பார்க்க நல்ல இடம்.

அதன் பிறகும் பிள்ளை சாப்பிட அடம் பிடிக்கிறதா? தாய்மார்களே, பூச்சாண்டிக்கு வேறு ஆளைப் பாருங்கள்!