உள்ளேயிருந்தே பூட்டப்பட்ட கதவு: பீட்டல்ஸ் அமெரிக்காவை வென்ற கதை

1964ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் பீட்டல்ஸ் இசைக்குழுவினர் நால்வரும் வந்திறங்கியபோது ஏறக்குறைய 3,000 இரசிகர்கள் காத்திருந்தனர். இரண்டு நாள் கழித்து எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் பாடியதை 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்தார்கள். அவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவர். ஒரே இரவில் அமெரிக்கா மயங்கியது என்பர். ஆனால், அந்த இரவுக்கு முன் ஓராண்டுக் காலம் அமெரிக்கா இவர்களைத் திரும்பியே பார்க்கவில்லை என்பதுதான் கதையில் சுவையான பகுதி.

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் லிவர்பூல் துறைமுக நகரத்துப் பிள்ளைகள். 1963இல் இங்கிலாந்தே அவர்கள் பின்னால் ஓடியது. அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டது இ.எம்.ஐ. நிறுவனம். அமெரிக்காவின் கேப்பிட்டல் நிறுவனமும் அதே இ.எம்.ஐ.க்குச் சொந்தமானதுதான். அப்படியிருந்தும் கேப்பிட்டல் அவர்களின் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தது. பிரிட்டிஷ் பாடகர்கள் அமெரிக்காவில் விலைபோக மாட்டார்கள் என்பது அக்காலத்து வணிக நம்பிக்கை. வீட்டுக்காரரே கதவைச் சாத்திவிட்டால் விருந்தாளி என்ன செய்வார்?

வேறு வழியின்றிப் பாடல்கள் சிறிய நிறுவனங்களுக்குப் போயின. 'பிளீஸ் பிளீஸ் மீ' பாடலைச் சிகாகோவில் கறுப்பினத்தவர் நடத்திய வீ-ஜே நிறுவனம் வெளியிட்டது. முதலில் அச்சான தட்டுகளில் குழுவின் பெயரே எழுத்துப் பிழையோடு இருந்தது. 'ஷி லவ்ஸ் யூ' பாடலைப் பிலடெல்பியாவின் ஸ்வான் நிறுவனம் எடுத்துக்கொண்டது. நம் மண்ணின் 'பாப் யே யே' இசைக்குப் பெயர் கிடைத்தது இப்பாடலின் பல்லவியிலிருந்துதான் என்பர். அந்தப் பாடலும் அமெரிக்காவில் அப்போது விற்கவில்லை.

1963 நவம்பரில் குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் நியூயார்க் சென்றார். சல்லிவனிடம் அவர் பெரிய தொகை கேட்கவில்லை. மூன்று நிகழ்ச்சிகளுக்கும் சேர்த்து 10,000 டாலர் போதும், ஆனால் தம் பையன்களின் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்றார். பணத்தைவிட இடம் பெரிது என்று அறிந்த வணிகர்! கேப்பிட்டலும் ஒருவழியாக 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாடலை வெளியிட இசைந்தது.

அதே நவம்பர் 22ஆம் நாள் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துயரத்தில் மூழ்கிய நாட்டுக்கு இவர்களின் உற்சாகம் மருந்தானது என்று பலரும் எழுதியிருக்கின்றனர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் சல்லிவன் ஒப்பந்தம் கொலைக்கு முன்பே முடிந்துவிட்டது. துயரத்தை மட்டும் காரணமாகக் காட்டினால் எப்ஸ்டைனின் உழைப்பும் பாடல்களின் தரமும் மறைந்துபோகும். ஒரு பள்ளி மாணவியின் ஆர்வமும் மறைந்துபோகும்.

டிசம்பர் 10ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சிச் செய்தியில் பீட்டல்ஸைப் பார்த்த 15 வயது மாணவி ஒருத்தி, இத்தகைய இசை நமக்கு ஏன் கிடைப்பதில்லை என்று வாஷிங்டன் வானொலி ஒன்றுக்குக் கடிதம் எழுதினாள். அறிவிப்பாளர் கேரல் ஜேம்ஸ், விமானப் பணிப்பெண் ஒருவர் வழியாக இங்கிலாந்திலிருந்து அந்தத் தட்டை வரவழைத்து 17ஆம் நாள் ஒலிபரப்பினார். தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. கேப்பிட்டல் முதலில் ஒலிபரப்பைத் தடுக்கப் பார்த்தது; பிறகு ஜனவரியில் வரவேண்டிய தட்டை டிசம்பர் 26ஆம் நாளே வெளியிட்டது. பள்ளி விடுமுறைக் காலம். பிள்ளைகள் நாள் முழுதும் வானொலியோடு வீட்டில் இருந்தனர். பிப்ரவரி 1ஆம் நாள் பில்போர்ட் பட்டியலில் பாடல் முதலிடம் பிடித்தது. ஆகவே, விமான நிலையத்தில் கூடிய கூட்டம் தானாக முளைத்ததன்று.

ஏப்ரல் 4ஆம் நாள் அப்பட்டியலின் முதல் ஐந்து இடங்களும் இவர்களுடையவை. ஐந்தில் மூன்று, கேப்பிட்டல் வேண்டாமென்று ஒதுக்கியதால் சிறிய நிறுவனங்கள் பெற்ற பாடல்கள்!

ஒன்றை நாம் மறக்கலாகாது. இவர்கள் கொண்டுவந்த இசையின் வேர் அமெரிக்காவிலேயே இருந்தது. சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட் போன்ற கறுப்பினக் கலைஞர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். கென்னடி இறந்த அதே நாளில் இங்கிலாந்தில் வெளியான இவர்களின் இரண்டாம் இசைத்தொகுப்பில் டெட்ராய்ட் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்கள் மூன்று இடம்பெற்றன. வெள்ளை இளையோர் பலர், தம் நாட்டு இசையைக் கடல் கடந்து வந்த வெள்ளையர் பாடிய பிறகே நாடினர். இந்த முரண் எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

அந்தக் கடனை நால்வரும் உணர்ந்தே இருந்தனர். 1964 செப்டம்பரில் ஜாக்சன்வில் நகரில், கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து அமர்த்தினால் பாடமாட்டோம் என்று அறிவித்தனர். அமைப்பாளர்கள் இறங்கி வந்தனர். 1965இல் சான்பிரான்சிஸ்கோ அருகே கௌ பேலஸ் அரங்கில் பாடியபோது, இந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது.