முக்கோணியின் சுற்றுவட்டமும் அதன் ஆரையும்

ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளினூடாக ஒரேயொரு வட்டம் செல்லும் என்பதைக் கேத்திரகணிதம் கற்றோர் அறிவர். அதுவே அப்புள்ளிகளை உச்சிகளாகவுடைய முக்கோணியின் சுற்றுவட்டம். பக்கங்களின் இருசமவெட்டிச் செங்குத்துக்கள் சந்திக்குமிடம் அதன் மையம். மூன்று உச்சிகளுக்கும் சமதூரத்தில் உள்ளதாகலின், அம்மையம் முக்கோணியின் நடுவிலே இருக்குமென மாணவர் பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையாகக்கூடும் என்பதற்குச் சான்று தேடி நாம் கொழும்பை விட்டு அகலவேண்டியதில்லை.

பழைய மாணவர் மூவர் முறையே கொட்டாஞ்சேனையிலும் மாளிகாவத்தையிலும் வெள்ளவத்தையிலும் வசிப்பதாகக் கொள்வோம். மூவர்க்கும் சமதூரமான ஓரிடத்திற் கூடுவதென்று தீர்மானித்து நகரப்படத்தை விரிப்பாராயின், மாளிகாவத்தையில் அமையும் கோணம் விரிகோணமென்பதைக் காண்பர். விரிகோண முக்கோணியின் சுற்றுமையம், அக்கோணத்துக்கு எதிரான பக்கத்துக்கு அப்பால், முக்கோணிக்கு வெளியே விழும். இங்கே அது கொள்ளுப்பிட்டிக் கரையையும் கடந்து கடலில் விழுகின்றது. கூட்டத்துக்கு வள்ளம் வேண்டும்! கூர்ங்கோண முக்கோணியிலேதான் மையம் உள்ளே அமையும். செங்கோண முக்கோணியில் அது செம்பக்கத்தின் நடுப்புள்ளி.

இனி ஆரை. இரு பக்கங்களின் பெருக்கத்தை, அவை சந்திக்கும் உச்சியிலிருந்து மூன்றாம் பக்கத்துக்கு வரைந்த செங்குத்தின் இருமடங்கால் வகுத்தால் ஆரை கிடைக்கும் எனப் பிரமகுப்தர் கி.பி. 628இல் இயற்றிய சித்தாந்த நூலில் விதித்தார். ஆரைக்கு அவர் இட்ட பெயர் ‘இருதயக் கயிறு’ எனப் பொருள்படும். நம் பாடநூற் சொற்களில் இவ்வழகைக் காண்பது அரிது.

நிறுவல் சுருக்கமானது. அஆஇ என்னும் முக்கோணியில் அஈ செங்குத்து. அஉ சுற்றுவட்டத்தின் விட்டம். அரைவட்டக் கோணமாதலால் அஆஉ செங்கோணம். அஉஆ, அஇஆ என்பன ஒரே துண்டக் கோணங்களாதலால் சமம். ஆகவே அஆஉ, அஈஇ என்னும் முக்கோணிகள் இயல்பொத்தவை. எனவே விட்டம், அஆ, அஇ ஆகியவற்றின் பெருக்கத்தை அஈயால் வகுத்ததற்குச் சமமாகும். ஆரை அதிற் பாதி.

பக்கங்கள் 13, 14, 15 எனின், 14க்கு வரைந்த செங்குத்து 12. ஆரை 195ஐ 24ஆல் வகுக்க வரும் 8⅛. மாணவர் மனனம் செய்யும் ‘மூன்று பக்கங்களின் பெருக்கத்தைப் பரப்பின் நான்மடங்கால் வகுக்க’ என்னும் சூத்திரமும் இதுவே. மேலும் கீழும் மூன்றாம் பக்கத்தாற் பெருக்கியதன்றி வேறில்லை.

மையம் கடலுக்குச் சென்ற காரணமும் இவ்விதியிற் புலனாகும். கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் இணைக்கும் நீண்ட கோட்டுக்கு மாளிகாவத்தையிலிருந்து வரையும் செங்குத்து மிகக் குறுகியது. வகுக்கும் எண் குறையக் குறைய ஆரை வளரும். மையம் மேன்மேலும் மேற்கே விலகும். செங்குத்துப் பூச்சியமாகி மூன்றும் ஒரே கோட்டில் நிற்குமாயின், வட்டமே இல்லை.