ஆயுட்கால போட்டோஷாப் என்று ஒன்று கிடையாது

கேமரா வாங்கும்போது நம்மவர்கள் காட்டும் எச்சரிக்கையில் கால்வாசிகூட எடிட்டிங் மென்பொருள் வாங்கும்போது காட்டுவதில்லை. மேகமலை மூடுபனி, சுருளி அருவி, குரங்கணி மலைப்பாதை, பந்தலில் தொங்கும் கம்பம் பன்னீர் திராட்சை, வீரபாண்டி சித்திரைத் திருவிழா இரவு என்று எடுக்கப் படத்துக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் தேனி. கேமராவுக்காக நாலு கடை ஏறி விலை விசாரிப்பவர்கள், எடிட்டிங் என்று வந்ததும் டெலிகிராமில் வந்த லிங்க்கை நம்பி நானூறு ஐந்நூறு ரூபாயை ஜிபேயில் தட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் லேப்டாப்பை சர்வீஸ் கடையில் கொடுத்து, "எல்லா சாஃப்ட்வேரும் போட்டுக் கொடுங்கண்ணே" என்கிறார்கள். கடைக்காரர் பில் தருவதில்லை, இவர்களும் கேட்பதில்லை. பிறகு படம் போகும், பணம் போகும், பாஸ்வேர்டும் போகும். யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொள்வார்கள். இந்த மூன்று இழப்புக்கும் தேவையே இல்லை என்பதுதான் என் வாதம். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு வேண்டிய மென்பொருள் இன்று சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் 'லைஃப்டைம் போட்டோஷாப்' விற்பவர்களைப் பார்ப்போம். ஒருமுறை பணம் கட்டி வைத்துக்கொள்ளும் போட்டோஷாப்பின் கடைசிப் பதிப்பு 2012-இல் வந்த சிஎஸ்6. 2013-இல் அடோபி நிறுவனம் சந்தா முறைக்கு மாறியது. லைட்ரூமின் கடைசி ஆயுட்காலப் பதிப்பான 6-ஆம் பதிப்புக்கும் 2017-உடன் புதுப்பிப்புகள் நின்று, பிறகு விற்பனையும் போய்விட்டது. போட்டோஷாப் எலிமென்ட்ஸ் என்ற சின்ன மென்பொருளுக்குக்கூட 2024 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து மூன்றாண்டு உரிமம்தான். ஆகவே இன்றைய போட்டோஷாப்பை ஆயுட்காலத்துக்கு என்று ஒருவர் விற்றால், கூடுதலாக எதையும் சோதிக்க வேண்டாம், அது போலி. அதற்குள் என்ன இருக்கும் என்பதும் ஊகமல்ல. ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது பெரும்பாலும் கிராக் செய்த மென்பொருள் வழியாகத்தான். உங்கள் படங்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். சில பழைய வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-இல் இலவசத் திறவுகோல் வெளியிட்டது. பல வகைகளுக்கு இன்றும் வழியில்லை. கிராக்கை நிறுவும்போது "ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்று ஒரு வரி வருமே, அந்த வரியில் நின்றுவிட்டால் போதும். நிற்பவர்கள்தான் குறைவு.

"நான் என்ன வியாபாரமா செய்கிறேன், என்னை யார் பிடிக்கப் போகிறார்கள்?" என்ற கேள்வி உடனே வரும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ அல்ல என்றால், நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதம் மட்டும் விதிக்கலாம். கவனியுங்கள்: விதிக்கலாம் என்றுதான் இருக்கிறது, அதுவும் நீதிமன்றத்தின் விருப்பம். பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்குப் படம் எடுத்து இரண்டாயிரம் வாங்கிய அன்றே, இது தொழிலல்ல என்று சொல்வது உங்களுக்குக் கடினமாகிவிடும். நம் ஊரில் பொழுதுபோக்குக் கேமராக்காரர் யார்தான் ஒரு விசேஷத்துக்கும் பணம் வாங்காமல் இருக்கிறார்?

சரி, நேர்மையாகச் சந்தா கட்டினால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அடோபி சந்தாவில் ஆண்டுத் திட்டம், மாதாமாதம் கட்டலாம் என்று ஒரு வகை உண்டு. பலர் அதை மாதச் சந்தா என்றே நினைக்கிறார்கள். முதல் 14 நாளுக்குப் பிறகு நிறுத்தினால் மீதித் தொகையில் பாதியை ரத்துக் கட்டணமாக வாங்கும் விவரத்தை மறைத்தது என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்கே தொடுத்தது. மாதம் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்தில் நிறுத்தினால் மீதி எட்டு மாதத்துக்கு 6,400. அதில் பாதி 3,200. இங்கே எந்த நிறுவனத்தின் சந்தாவை எடுத்தாலும், ரத்து விதியைப் படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகே கார்டு எண்ணைப் போடுங்கள். ஆட்டோபேயை நிறுத்துவது சந்தாவை ரத்து செய்வதாகாது. இரண்டையும் செய்ய வேண்டும்: முதலில் நிறுவனக் கணக்கில் ரத்து, அதற்கான மின்னஞ்சலைச் சேமித்தல், பிறகு யுபிஐ செயலியிலோ வங்கியிலோ ஆட்டோபே நீக்கம். கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிட்டு, பணம் போனபின் வங்கியைத் திட்டிப் பயனில்லை.

இலவசம் என்றால் மட்டம் என்ற எண்ணம்தான் இத்தனைக்கும் வேர். நிக்கான் வைத்திருப்பவருக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல், சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்று கேமரா நிறுவனங்களே ரா கோப்புகளைத் திருத்தும் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. கேமராவின் விலையிலேயே அதற்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். பலர் திறந்தே பார்த்ததில்லை. டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் கட்டற்ற மென்பொருள். மேகமலையில் வெளுத்துப்போன வானத்தை மீட்பதும், வீரபாண்டி இரவுப் படத்தில் புள்ளிப்புள்ளியாய்த் தெரியும் இரைச்சலைக் குறைப்பதும் இவற்றில் முடியும். நீங்கள் செய்த திருத்தங்கள் படத்தின் பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பாக நிற்கும். யாருக்கும் வாடகை கட்டாமல் பத்தாண்டு கழித்தும் திறக்கலாம். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தால் படங்கள் இருக்கும், ஆனால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். போட்டோஷாப் போல அடுக்கு அடுக்காக வேலை செய்ய ஜிம்ப் இருக்கிறது, அதன் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. அஃபினிட்டியைக் கேன்வா நிறுவனம் வாங்கி, 2025 அக்டோபர் இறுதியில் இலவசமாக்கிவிட்டது; ஒரு கணக்கு தொடங்கினால் போதும், ஏஐ வசதிகளுக்குத்தான் பணம். பழக நாளாகும் என்பது உண்மையான ஆட்சேபம். ஆனால் போட்டோஷாப்பும் ஒரே நாளில் யாருக்கும் வந்ததில்லை. ஓர் எச்சரிக்கை: இலவச மென்பொருளையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். 2022-இல் கூகுள் தேடலில் ஜிம்ப் பெயரில் வந்த விளம்பரமே போலித் தளத்துக்குக் கொண்டுபோய், கடவுச்சொல் திருடும் நிரலை இறக்கியது. தேடலில் 'ஸ்பான்சர்டு' என்று வருவதைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இனி வருவதை நிதானமாகப் படிக்க வேண்டும். பணம் போனது தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண், தொகை, நேரம், பணம் பெற்றவரின் யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அதே விவரத்தை சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதிந்து, ஒப்புகை எண்ணை எழுதிவையுங்கள். ஏமாற்றியவனோடு நடந்த உரையாடலைக் கோபத்தில் அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. கடவுச்சொல் திருடுபோய் உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியில் எழுத்துமூலம் சொல்லுங்கள். தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ அல்லாதபோது, அந்தக் கெடுவுக்குள் சொன்னவருக்கு இழப்பில்லை என்பது 2017 ஜூலையின் ரிசர்வ் வங்கி விதி. நீங்களே விரும்பி அனுப்பிய பணத்துக்கு இது பொருந்தாது. அதற்கு 1930-தான் முதல் வழி, அதுவும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகும் கூடலூர்க்காரரிடம் "இதெல்லாம் தேனி சைபர் பிரிவில் போய்க் கொடுங்க" என்று ஒரு நிலையம் கைகாட்டினால், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. மனுவைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அதே பிரிவு இடம் தருகிறது. திருட்டு மென்பொருள் வாங்கியதாக நம் மேலேயே வழக்கு வருமோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. 63பி தெரிந்தே பயன்படுத்துவதைத்தான் தண்டிக்கிறது. அசல் என்று நம்பவைக்கப்பட்டவர் ஏமாந்தவரே. சந்தேகமிருந்தால் 15100-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை முதலில் கேளுங்கள்.

சந்தாத் தகராறுக்கும் சர்வீஸ் கடைக்கும் பாதை வேறு. இணையத்தில் விற்கும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் ஒப்புகையும், ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே தமிழிலேயே பேசலாம். அடுத்து இ-ஜாக்ரிதி தளம் வழியாகத் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. சந்தாவில் சிக்கவைத்து வெளியேற விடாத தந்திரத்தை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது, புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். பில் இல்லாமல் லேப்டாப்பைக் கடையில் கொடுத்தவருக்காக எந்த ஆணையத்தாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

படங்கள் பூட்டப்பட்டிருந்தால் இணையத்தைத் துண்டியுங்கள், ஃபார்மேட் செய்ய விடாதீர்கள், கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், பணம் அனுப்பாதீர்கள். பூட்டிய கோப்புகளை ஒரு டிஸ்க்கில் பத்திரப்படுத்தினால், பிற்காலத்தில் திறவுகோல் வெளிவந்தால் உதவும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு. 1930-க்கு அந்த அவகாசம் இல்லை, நாளை என்று ஒத்திப்போடாமல் இன்றே அழையுங்கள்.