சின்னத் துப்பாக்கி, பெரிய உதை

போன மாசம் ஆலந்தலைக்குப் போயிருந்தப்போ சித்தி மகன் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினான். கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. பறக்கும் களிமண் தட்டைச் சுடுகிற பயிற்சியில் சேர்ந்து மூணு மாசம் ஆகுது. "12 போர் ரொம்ப உதைக்கும்னு சின்ன 20 போர் குடுத்தாங்கண்ணே. இப்போ விசையை அமுக்குறதுக்கு முன்னாடியே கண்ணு மூடிக்கிடுது. விட்டுரலாம்னு இருக்கேன்" என்றான்.

"தோட்டாவுல எவ்வளவு ரவை?"

"28 கிராம்."

அங்கேதான் விஷயம் இருந்தது.

முதலில் போர் கணக்கு. ஒரு பவுண்டு (454 கிராம்) ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை சரியாக நுழைகிற குழல்தான் 12 போர். விட்டம் சுமார் 18.5 மி.மீ. 20 போர் 15.6, 28 போர் 14 மி.மீ. எண் கூடினால் குழல் சிறுக்கும். (.410 மட்டும் விதிவிலக்கு. அது நேராக அங்குலக் கணக்கு.)

ஆனா தோளுக்குப் போர் எண் தெரியாது. மிதக்கிற வள்ளத்திலிருந்து கரைக்குத் தாவினால் வள்ளம் பின்னால் நகரும். அதே ஆள் விசைப்படகிலிருந்து தாவினால் படகு அசையறதே தெரியாது. முன்னால் போவது எவ்வளவு எடை, என்ன வேகம், பின்னால் தாங்குவது எவ்வளவு கனம் என்பது மட்டும்தான் கணக்கு.

வழக்கமான எண்களை எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 3.7 கிலோ 12 போர், 24 கிராம் ரவை, வினாடிக்கு 400 மீட்டர் என்றால், அடைப்பு, மருந்துப் புகை எல்லாம் சேர்த்து உதை சுமார் 17 ஜூல். 2.7 கிலோ 20 போர், 28 கிராம், 370 மீட்டர் என்றால் சுமார் 26 ஜூல். 'சின்னது' ஒன்றரை மடங்கு உதைக்கிறது!

புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ட்ராப் போட்டியின் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை வரை சுடலாம். அதில் அனுமதி 24 கிராம்தான். முன்னாடி 32 இருந்தது, 28 ஆகி, இப்போ இது. உலகத்தரத்து ஆட்களே கனமான 12 போரில் 24 கிராம் சுடும்போது, புதுப் பையன் லேசான துப்பாக்கியில் 28 ஏன் சுடணும்?

ஒடுங்கிய குழலில் ரவையைக் கூட்டினால் வேறு சங்கடமும் உண்டு. ரவை நீளமான தூணாக நிற்கும். அடியிலுள்ளவை நசுங்கி, போகப்போகச் சிதறும். அழுத்தமும் அதிகம்: அமெரிக்கத் தர அமைப்பின் உச்ச வரம்பு 12 போருக்கு (70 மி.மீ. தோட்டா) 11,500 பி.எஸ்.ஐ., 28 போருக்கு 12,500. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ. தான். அதில் 70 மி.மீ. தோட்டா நுழைந்துவிடும், ஆனா வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும். குழலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் 'கனமான தோட்டா' போடவே கூடாது.

இன்னொன்று, 20 போர் தோட்டாவைத் தெரியாமல் 12 போரில் போட்டால் வழுக்கிக் குழலுக்குள் போய் நிற்கும். பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம். பயிற்சிக் களத்தில் இரண்டும் ஒரே பையில் இருக்கவே கூடாது.

சரி, தம்பிக்கு என்ன வழி? 300 கிராம் எடை கூட்டினால் 26 ஜூல் 23 ஆகும். ரவையை 24 கிராமாக்கினால் 19, 21 ஆக்கினால் 15. உந்தத்தின் இருமடிக்கு ஏற்ப உதை ஆற்றல் மாறுவதால் தோட்டாவைக் குறைப்பதுதான் பெரிய லாபம். ரப்பர் அட்டை உதையைக் குறைக்காது, நேரத்தில் பரப்பும், அவ்வளவுதான், அதுவும் உதவிதான். கட்டை, கழுத்தெலும்புக்குக் கீழே உள்ள குழியில் இறுக்கமாக உட்காரணும், புஜத்தில் இல்லை. கன்னம் ஒட்டணும், உடம்பு கொஞ்சம் முன்னால் சாயணும்.

கண் மூடுவது வேறு கதை. அதில் பாதி சத்தத்துக்குப் பயம். காதுக்குள் அடைப்பான், மேலே கவசம், இரண்டும் போடச் சொன்னேன். பயிற்றுநரையே தோட்டா போடச் சொல்லி, நடுநடுவே பொய்த் தோட்டா கலக்கச் சொன்னேன். வெடிக்காதபோது குழல் துள்ளினால், துள்ளுவது நம்ம கைதான்.

போன ஞாயிறு கூப்பிட்டான். 21 கிராம் கிடைக்கலையாம், 24தான். பத்துக்கு நாலு பொய்த் தோட்டாவில் குழல் துள்ளுச்சாம். "தோள் வலிக்கலைண்ணே, காதுதான் வேர்க்குது" என்றான்.